பாட்டு யாரைப் பார்த்துப் பாடப்படுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கித் திருத்தப்பட்டது.)

போன எபிசோடு முடிவுல ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: சினிமாப் பாட்டு நம்மைக் கெடுக்குதா? நிறைய வாய்ஸ் நோட் வந்துச்சு, நன்றி. கேட்டுப் பார்த்தா பெரும்பாலும் ரெண்டே பதில்தான். ஒண்ணு, "அது வெறும் பாட்டு ப்ரோ, வைப் பண்ணிட்டுப் போயிட்டே இருக்கணும்." இன்னொண்ணு, "அந்தக் காலத்துப் பாட்டுல கருத்து இருந்துச்சு, இப்போ என்ன இருக்கு?" ரெண்டாவது பதில் சொன்னவங்கள்ல சில பேர் குரல் கொஞ்சம் வயசானதாவே இருந்துச்சு. பக்கத்துல அப்பா உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாரோ என்னவோ.

இந்த ரெண்டு தரப்புமே அவங்க சொல்றதை முழுசா நம்பலைன்னு எனக்கு ஒரு சந்தேகம். "வெறும் பாட்டு"ன்னு சொல்ற அதே ஆள்கிட்ட, 2018 ஜனவரியில சென்னையில தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் தடவை மேடை ஏறினது முக்கியமான விஷயமான்னு கேட்டுப் பாருங்க. "செம்ம விஷயம், கானாவையும் ராப்பையும் சேர்த்து சாதியைப் பத்தி மேடையில பேசினாங்க"ம்பார். அப்போ பாட்டு ஏதோ செய்யுதுன்னு அவரும் நம்புறார். நல்லது மட்டும் செய்யும், கெட்டது செய்யாதுன்னு நம்புறார், அவ்வளவுதான்.

அந்தக் காலத்துக் கட்சிக்கு வருவோம். எம்.ஜி.ஆர். படத்துல பெரும்பாலும் குடிக்க மாட்டார், சிகரெட் பிடிக்க மாட்டார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 29 வயசுலயே இறந்துபோனார், அதுக்குள்ள உழைப்பைப் பத்தியும் உழைக்கிறவங்களைப் பத்தியும் அவ்வளவு எழுதி வச்சிட்டார். உண்மை. ஆனா அந்தக் கருத்துப் பாட்டையெல்லாம் ரேடியோவுல கேட்டு வளர்ந்த தலைமுறைதானே 1961-லயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்த பிறகும் சீர்வரிசைப் பட்டியலோட பொண்ணு பார்க்கப் போச்சு? பாட்டு கேட்டா மனுஷன் திருந்திடுவான்னா, நம்ம தாத்தாக்கள் எல்லாரும் மகான்களா இருந்திருக்கணும்.

இது நம்ம ஊர்ச் சண்டை மட்டும் இல்ல. 1985-ல அமெரிக்காவுல டிப்பர் கோர்னு ஒருத்தர், அப்போ செனட்டரா இருந்த அல் கோரோட மனைவி, தன் மகள் கேட்டுட்டிருந்த பிரின்ஸ் பாட்டு ஒண்ணோட வரிகளைக் கவனிச்சு அதிர்ந்துபோனார். வாஷிங்டன்ல இன்னும் சில செல்வாக்கான பெண்களைச் சேர்த்துக்கிட்டு ஒரு அமைப்பு தொடங்கினார். அந்த வருஷம் செப்டம்பர்ல செனட் கமிட்டி விசாரணையே நடந்துச்சு. ராக் பாடகர்கள் போய் சாட்சி சொன்னாங்க. ஆல்பம் அட்டையில வர்ற அந்தக் கறுப்பு வெள்ளை 'பேரண்டல் அட்வைசரி' லேபிள் இதோட விளைவுதான். இன்னைக்கு ஸ்பாட்டிஃபைல பாட்டுப் பேர் பக்கத்துல 'இ'ன்னு ஒரு குட்டிக் கட்டம் வருதே, அது அதோட பேரன்.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துல, ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு எளிமையான வேலை பண்ணாங்க. டீன் ஏஜ் பசங்ககிட்டயே போய், "உனக்குப் பிடிச்ச பாட்டு எது, அது எதைப் பத்தினது?"ன்னு கேட்டாங்க. நிறைய பேருக்கு அவங்களோட ஃபேவரிட் பாட்டு எதைப் பத்தினதுன்னே சொல்லத் தெரியல. பெரியவங்க பயந்த செக்ஸ், வன்முறை, போதைன்னு சொன்னவங்க ரொம்பக் கொஞ்சம். எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல. 2011 நவம்பர்ல கொலவெறிப் பாட்டு யூடியூப்ல வந்தப்போ தமிழே தெரியாதவங்க எத்தனை பேர் அதைப் பாடினாங்க! நாமளும் கொரியன் பாட்டுக்கு அர்த்தம் தெரிஞ்சா ஆடுறோம்?

அதனால பாட்டு வரிக்கு ஒரு விளைவும் கிடையாதுன்னு முடிச்சுடலாமா? முடியாது. ஆய்வகத்துல சில விஷயம் தெளிவாவே தெரிஞ்சிருக்கு.

2003-ல கிரேய்க் ஆண்டர்சன்ங்கற உளவியலாளரும் அவரோட குழுவும் 500-க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களை வச்சு அஞ்சு சோதனை பண்ணாங்க. கொஞ்சம் பேருக்கு வன்முறையான வரிகள் உள்ள பாட்டு, மத்தவங்களுக்கு அது இல்லாத பாட்டு. அப்புறம் எழுத்து விட்டுப்போன வார்த்தைகளை நிரப்பச் சொல்றது மாதிரி சின்னச் சின்ன டெஸ்ட். வன்முறைப் பாட்டு கேட்டவங்க மனசுல எரிச்சலும் சண்டை நினைப்பும் கூடியிருந்துச்சு. ஆனா இந்த விளைவு கொஞ்ச நேரத்துலயே மறைஞ்சிடலாம்னு அவங்களே எழுதியிருக்காங்க. இதைப் பத்தி வர்ற செய்தியில அந்த வரி மட்டும் எப்பவும் காணாமப் போயிடும்.

2006-ல ஜெர்மனியில நடந்த ஒரு சோதனை இன்னும் சுவாரஸ்யமானது. சுவாரஸ்யம்னா நிஜமாவே காரமானது. பெண்களை இழிவுபடுத்துற பாட்டைக் கேட்ட ஆண்கள்கிட்ட, இன்னொருத்தர் சாப்பிடுறதுக்கு எவ்வளவு மிளகாய் சாஸ் ஊத்தணும்னு முடிவு பண்ணச் சொன்னாங்க. சாப்பிடப் போறது பெண்ணா இருந்தா அவங்க ஊத்தின அளவு கூடுச்சு. அந்த ஆய்வு செஞ்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் டோபியாஸ் கிரைட்டமெயர். அவரே 2009-ல நேர் எதிரா ஒண்ணு பண்ணார். அடுத்தவங்களுக்கு உதவுறதைப் பத்தின பாட்டைக் கேட்டவங்க, சோதனைக்காகத் தங்களுக்குக் கிடைச்ச காசை நன்கொடையா கொடுக்கறது அதிகமா இருந்துச்சு.

எனக்கு இதுல ரொம்ப முக்கியமாப் பட்டது, அதே 2006-ல வந்த ராண்ட் நிறுவனத்தோட ஆய்வு. அமெரிக்காவுல 12-ல இருந்து 17 வயசு வரைக்கும் உள்ள 1,461 பசங்களைச் சில வருஷம் தொடர்ந்து பேட்டி எடுத்தாங்க. செக்ஸ் பத்தின பாட்டு கேட்கறதுக்கும் சீக்கிரமே உடலுறவைத் தொடங்கறதுக்கும் தொடர்பு இருக்கான்னு கேள்வி. செக்ஸ் பத்தின எல்லாப் பாட்டுக்கும் அந்தத் தொடர்பு தெரியல. ஒருத்தரை வெறும் பொருளா, மட்டமா காட்டுற பாட்டுகளுக்கு மட்டும் தெரிஞ்சுது. இதுல எது காரணம் எது விளைவுன்னு அறுதியிட்டுச் சொல்ல முடியாது, பேட்டி ஆய்வோட எல்லை அது. ஆனா ஒரு விஷயத்தைக் கவனிங்க. நம்ம வீட்டுல பெரியவங்க ரிமோட்டைத் தேடுறது முத்தம் வரும்போது. இந்த ஆய்வு பார்க்கச் சொல்றது முத்தத்தை இல்ல, இளக்காரத்தை.

இது வரைக்கும் சொன்ன எல்லாமே ஒரே கேள்வியைத்தான் கேட்குது. கேட்கிறவன் மனசுல என்ன ஆகுது? அவன் கெட்டுப்போறானா? இந்தக் கேள்விதான் தப்புன்னு எனக்கு எப்போ தோணுச்சுன்னா, வந்த வாய்ஸ் நோட்ஸ்ல ஒண்ணே ஒண்ணு வேற மாதிரி இருந்தப்போ.

அனுப்பினது ஒரு இன்ஜினியரிங் ஸ்டூடண்ட். பேர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. காலேஜ் பஸ்ஸுல காலையில இவங்க ஏறும்போதெல்லாம் பின் சீட்டுல இருந்து ஒரு பாட்டு ஆரம்பிக்கும். காதலிச்சு ஏமாத்திட்டுப் போன பொண்ணைத் திட்டுற சூப் சாங். அந்த கேங்ல ஒருத்தனுக்கு இவங்க நோ சொன்னதுதான் பின்னணி. யாரும் இவங்க பேரைச் சொல்லல, தொடல, பக்கத்துல கூட வரல. பாடுறாங்க, பெஞ்சைத் தட்டுறாங்க, சிரிக்கிறாங்க. புகார் கொடுக்கலாமான்னு யோசிச்சப்போ ஃப்ரெண்ட்ஸ் சொன்னது: "என்னன்னு கொடுப்ப? ஹிட் பாட்டுடி அது. எல்லாரும்தான் பாடுறாங்க." இவங்க சொன்னதை அப்படியே சொல்றேன். "எனக்கும் அந்தப் பாட்டு பிடிச்சுத்தான் இருந்துச்சு அண்ணா. இப்போ கல்யாண வீட்டுல டிஜே போட்டாக்கூட எழுந்து வெளியில போயிடறேன்."

அந்தப் பசங்க மனசு பாட்டால கெட்டுப்போச்சா? தெரியல, எனக்கு அது அவ்வளவு முக்கியமாவும் படல. அந்தப் பாட்டு அவங்களுக்குக் கொடுத்தது கெட்ட புத்தி இல்ல, ஒரு மறைவிடம். சொந்த வார்த்தையில அவளைத் திட்டியிருந்தா அது திட்டு, அடுத்த நாளே பிரின்சிபால் ரூம். பாட்டா பாடினா அது கலகலப்பு. பத்துப் பேர் சேர்ந்து பாடலாம், ட்யூன் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தனும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. எழுதினவர் வேற யாரோ, பாடினவர் வேற யாரோ.

கேட்கிறவர் ஒருத்தர், கேட்க வைக்கப்படுறவர் ஒருத்தர். நம்ம விவாதம் எல்லாம் முதல் ஆளைப் பத்தியே நடக்குது.

இதுல வேடிக்கை என்னன்னா, நம்ம பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு இந்த வித்தியாசம் தெரிஞ்சிருந்துச்சு. பிரிவு 292 ஆபாசமான புத்தகம், படம் பத்தினது. அங்க கேள்வி, அதைப் படிக்கிறவர், பார்க்கிறவர் மனசைக் கெடுக்குமாங்கறது. ரெண்டு நம்பர் தள்ளி 294. அதோட தலைப்பிலேயே 'பாட்டு' இருக்கு, ஆபாசச் செயல்களும் பாட்டுகளும்னு. பொது இடத்துலயோ அதுக்குப் பக்கத்துலயோ ஆபாசமான பாட்டைப் பாடி அடுத்தவங்களுக்குத் தொந்தரவு கொடுத்தா மூணு மாசம் வரைக்கும் சிறை. பாடினவன் மனசு கெட்டுச்சா இல்லையான்னு அந்தப் பிரிவு கேட்கவே இல்ல. யாருக்குத் தொந்தரவுன்னுதான் கேட்டுச்சு. 2024 ஜூலையில இருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுல இது 296. சட்டத்துல 'ஆபாசம்'ங்கற வார்த்தை இருக்கறதால நம்ம பஸ்ஸுல பாடின பாட்டு இதுக்குள்ள வராது, சென்சார் சர்டிஃபிகேட் வாங்கின படத்துப் பாட்டு வேற. ஆனா அந்தப் பார்வை சரியான பார்வைன்னு நினைக்கிறேன். வாய்ஸ் நோட் அனுப்பின தங்கச்சிக்கு ஒரு வார்த்தை: என்ன பாட்டுங்கறதை விட்டுடுங்க. எந்தெந்த நாள், எந்த ஸ்டாப், யார் யார் இருந்தாங்கன்னு குறிச்சு வச்சு, திரும்பத் திரும்ப உங்களை மட்டும் குறிவைக்கிறாங்கன்னு காலேஜ் புகார் கமிட்டிக்கு எழுதிக் கொடுங்க. புகார் பாட்டு மேல இல்ல.

இப்போ பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்கு வருவோம். ஏன்னா இதே விஷயம் நம்ம ஊர்ல இன்னும் பெருசா, ஒலிபெருக்கி வச்சு நடக்குது.

தேவர் மகன். 1992. கமல் எழுதின படம், இளையராஜா இசை. படம் எங்க போய் முடியுதுன்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். வெட்டும் குத்தும் போதும், பிள்ளைகளைப் படிக்க வைங்கன்னு கெஞ்சுற படம் அது. ஆனா அதுல ஊர்ப் பெரியவரைப் புகழ்ந்து ஒரு பாட்டு. அந்தப் பாட்டு படத்தை விட்டுட்டுத் தனியா வெளியில கிளம்பிடுச்சு. முடிவை வீட்டுலயே விட்டுட்டு வந்துடுச்சு. தென் மாவட்டங்கள்ல சாதி விழாவுல, ஊர்வலத்துல, வேன்ல கட்டின ஸ்பீக்கர்ல வருஷக்கணக்கா ஓடுச்சு. நீங்க ஓ.எம்.ஆர்ல ஹெட்போன் போட்டுக் கேட்டா அது அருமையான ராஜா பாட்டு. அதே பாட்டை அடுத்த தெரு முனையில வேனை நிறுத்தி, வால்யூமை ஏத்தினா, அந்தத் தெருவுல இருக்கறவங்களுக்கு அது இசை இல்ல. நாங்க யாரு, நீங்க யாருன்னு சொல்ற அறிவிப்பு. வரி ஒண்ணுதான், மெட்டு ஒண்ணுதான்.

2023-ல மாமன்னன் ஆடியோ லாஞ்ச்ல, கமல் எதிர்ல உட்கார்ந்திருக்கும்போதே மாரி செல்வராஜ் இதைப் பேசினார். தேவர் மகன் தன்னை எவ்வளவு அலைக்கழிச்சுது, மாமன்னன் உருவாக அது எப்படி ஒரு காரணம்னு சொன்னார். அப்புறம் சோஷியல் மீடியாவுல வழக்கமான சண்டை. ஒரு பக்கம் "கமல் சாதி வெறியர்", இன்னொரு பக்கம் "படத்தையே புரிஞ்சுக்கத் தெரியல". ரெண்டுமே, எழுதினவர் மனசுல என்ன இருந்துச்சுங்கற கேள்வியில போய் மாட்டிக்கிச்சு. தெரு முனையில நின்னு அந்த ஸ்பீக்கரைக் கேட்டவங்களுக்கு எழுதினவர் மனசு எதுக்கு?

கோயில் திருவிழாவுல ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்கு வழக்கு வர்றது சகஜம். அனுமதி கொடுக்கும்போது நீதிமன்றம் வழக்கமா விதிக்கற நிபந்தனைகள்ல ஒண்ணு, எந்த சாதி, மதம், கட்சியைப் பத்தின பாட்டும் போடக் கூடாது. அதை மீறினா போலீஸ் நிகழ்ச்சியை நிறுத்தலாம். நான் கருத்துச் சுதந்திரம் பக்கம் நிக்கிற ஆள்தான், ஆனா இந்த நிபந்தனை எனக்கு உறுத்தல. ஒரு பாட்டையும் அது தடை பண்ணல. உங்க வீட்டுல, உங்க காதுல, என்ன வேணா போடுங்க. ஊருக்கே பொதுவான இடத்துல, எழுந்து போக வழியில்லாதவங்க மேல போடாதீங்கன்னு சொல்லுது.

இதைப் பஞ்சாபோட ஒப்பிட்டுப் பாருங்க. 2019-ல பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் மது, போதை, வன்முறையைக் கொண்டாடுற பாட்டை நிகழ்ச்சிகள்ல போட விடக்கூடாதுன்னு போலீஸுக்கு உத்தரவு போட்டுச்சு. 2022-ல பஞ்சாப் அரசு துப்பாக்கிப் பாட்டுகளுக்குத் தடை போட்டுச்சு. 2024 நவம்பர்ல தில்ஜித் தோசாஞ்ச் ஹைதராபாத்ல பாட வந்தப்போ, தெலங்கானாவுல இருந்து மதுப் பாட்டு பாடக் கூடாதுன்னு முன்கூட்டியே நோட்டீஸ். அவர் சாராயம் வர்ற இடத்துல வேற வார்த்தை போட்டுப் பாடிட்டார். அப்புறம் அகமதாபாத் மேடையில, எல்லா மாநிலமும் மதுவிலக்கு கொண்டு வரட்டும், நான் அந்தப் பாட்டையே விட்டுடறேன்னார். டாஸ்மாக் நடத்துற மாநிலத்துல இருக்கற நமக்கு அந்தப் பதில் நல்லாவே புரியும். இந்தத் தடைகள் எல்லாம் பழையபடி கேட்கிறவன் ஒழுக்கத்தைக் காப்பாத்தப் போற தடைகள். எட்டு மணிக்குக் கடையில நிக்கிறவனை அங்க அனுப்பினது பாட்டுன்னு நம்புற தடைகள்.

இன்னொரு பக்கம் இருக்கு, அதுதான் எனக்குக் குழப்பமான பக்கம். மைக் செட்டை நிறுத்தலாம். இப்போ ஸ்பீக்கர் நம்ம பாக்கெட்டுல இருக்கே? ரீல்ஸுக்கும் ஸ்டேட்டஸுக்கும் முழுப் பாட்டு தேவையில்ல, அரை நிமிஷம் போதும். படத்துல வில்லனுக்கு வச்ச பில்டப்பா இருக்கும், இல்ல கடைசியில மனசு மாறப்போற ஒருத்தன் ஆரம்பத்துல பாடுறதா இருக்கும். அந்த மாஸ் வரியை மட்டும் வெட்டி, பைக், கையில கலர் கயிறு, ஒரு தலைவர் படம். தேவர் மகன் பாட்டுக்குப் படத்தை விட்டு வெளியில வரத் திருவிழாவும் வேனும் தேவைப்பட்டுச்சு. இப்போ ஒரு பதினஞ்சு வயசுப் பையன் க்ளாஸ்ல உட்கார்ந்தே பண்ணிடறான். முன்னாடி பெஞ்சுல இருக்கற பையன் அதைப் பார்க்கணும்னுதான் போடுறான். பார்த்துட்டான்னு 'வ்யூஸ்' லிஸ்ட்ல உறுதி பண்ணிக்கவும் செய்றான்.

இதுக்கு எந்த நிபந்தனை போடுறது? சட்டத்தால முடியும்னு எனக்குத் தோணல. லேபிள் ஒட்டுறதாலயும் இல்ல, ஏன்னா பாட்டுல கெட்ட வார்த்தையே இருக்காது. டீச்சரா இருக்கற நேயர்கள் சில பேர் இந்த நிகழ்ச்சியைக் கேட்கறீங்கன்னு தெரியும். அந்தப் பையனைக் கூப்பிட்டு, "இந்தப் பாட்டெல்லாம் கேட்காதே"ன்னு சொன்னா அவன் சிரிச்சுட்டுப் போயிடுவான். "யார் பார்க்கணும்னு இதைப் போட்ட?"ன்னு கேட்டா அவன்கிட்ட சட்டுனு பதில் இருக்காதுன்னு நினைக்கிறேன். கேட்டுப் பார்த்தவங்க இருந்தா என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க, அடுத்த எபிசோடுல அதையே எடுத்துக்கறேன்.

நேயர்கள் மத்தவங்களும் ஒரு நிமிஷத்துக்குள்ள வாய்ஸ் நோட் அனுப்புங்க. இந்தத் தடவை உங்களுக்குப் பிடிச்ச பாட்டு வேண்டாம். உங்களைப் பார்த்து யாரோ பாடின பாட்டு எதுன்னு சொல்லுங்க. பேர் சொல்ல வேண்டியதில்ல. வரியைப் பாடிக் காட்டவும் வேண்டாம், காப்பிரைட் வந்துடும். அடுத்த வாரம் பார்ப்போம்.